சொல்லும் கையும்

தமிழ் இலக்கணம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தது. இவற்றுள் இரண்டாவதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் ஆழ்ந்த சிந்தனைக்கு உரியது. வினை என்றால் செயல். நட, எடு, எறி, உண் முதலிய சொற்களையும் அவர்கள் வினை என்றே அழைத்தனர். செயலுக்கும் அச்செயலைக் குறிக்கும் சொல்லுக்கும் ஒரே பெயர் வழங்கிற்று. கட்டளையிடும் வினைக்கோ ஏவல் என்று பெயர். அம்பையும் ஏவுகிறோம், ஆளையும் ஏவுகிறோம். ஒருவர் வாயினின்று புறப்படும் ஒலி மற்றொருவர் கையை அசைக்கிறது என்னும் வியப்பு அப்பெயருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

அந்த வியப்பை மனித மூளைக்குள் தேடிச் சென்ற வரலாறு ஒன்று உண்டு. அது 1861-ஆம் ஆண்டு பாரிஸ் நகரை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் தொடங்கி, இன்றும் முற்றுப்பெறாமல் நீள்கிறது. கேட்ட சொல் எவ்வழியாகக் கையைச் சென்றடைகிறது? ‘எடு’ என்னும் சொல்லைப் புரிந்துகொள்வதில், எடுக்கும் கையை இயக்கும் மூளைப் பகுதிக்கும் பங்கு உண்டா? இவையே அவ்வரலாற்றின் இரு வினாக்கள். கற்றோர் தம்முள் வாதிட்டு மகிழ்வதற்கு மட்டும் உரிய வினாக்கள் என்று இவற்றை ஒதுக்கிவிட இயலாது. பேச்சிழந்தவரை அறிவிழந்தவர் என்றும், ஏவியதைச் செய்யாத கையை உடையவரைச் சித்தம் கலங்கியவர் என்றும் உலகம் எளிதில் தீர்ப்பிட்டுவிடுகிறது. அத்தீர்ப்பு எத்துணைப் பிழையானது என்பதை இவ்வரலாறு மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டுகிறது.

நான்கு முறை திறந்த கை

பாரிஸ் நகருக்குத் தெற்கே அமைந்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்னும் ஒருவர் நெடுங்காலமாகத் தங்கியிருந்தார். காலணி தைப்போருக்கு வேண்டிய மர அச்சுகளைச் செய்வது அவர்தம் தொழில். இளமை முதல் வலிப்பு நோயால் துன்புற்ற அவர், முப்பது வயதை ஒட்டிப் பேச்சை இழந்தார். எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்னும் ஓர் அசையே அவர் நாவினின்று வந்தது. ஆகவே மருத்துவமனையில் அவருக்கு ‘டான்’ என்பதே பெயராயிற்று. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின் அவருடைய வலக்கை தளர்ந்தது. பின்னர் வலக்காலும் செயலிழக்க, படுக்கையே அவருக்கு வாழ்விடமாயிற்று.

1861 ஏப்ரல் திங்களில் காலில் கடும் புண் கண்டு, அறுவை மருத்துவப் பிரிவுக்கு அவர் கொண்டுவரப்பட்டார். அங்கு அவரைச் சோதித்தவர் 36 வயதான மருத்துவர் பால் புரோக்கா. இந்த மருத்துவமனையில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர் என்று புரோக்கா வினவினார். நோயாளர் நலமாயிருந்த இடக்கையின் ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டினார். பின்னர் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். 21 ஆண்டுகள்! விடை முற்றிலும் சரியானது. நாவினால் ஓர் எண்ணைக்கூடச் சொல்ல இயலாத அந்த மனிதர், வினாவைப் புரிந்து, காலத்தைக் கணக்கிட்டு, கையால் விடை பகர்ந்தார்.

அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் அவர் இறந்தார். மறுநாளே புரோக்கா அவர்தம் மூளையைப் பாரிஸ் மானிடவியல் கழகத்தின் முன் வைத்தார். பெருமூளையின் இடப்புற முன்மடலில், கீழ்ப்பகுதியில் அமைந்த ஒரு மடிப்பு சிதைந்திருந்தது. நோயாளரின் நாவும் உதடும் வாதத்தால் முடங்கியிருக்கவில்லை என்பதைப் புரோக்கா முன்னரே கண்டிருந்தார். அவர் இழந்தது சொற்களை ஒலிப்பதற்கு வேண்டிய அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ஆற்றல் என்பது புரோக்காவின் முடிவு. நாம் இடப்புற அரைக்கோளத்தைக் கொண்டே பேசுகிறோம் என்னும் கருத்தை அவர் 1865-இல் உறுதியாக வெளியிட்டார்.

புரோக்கா அம்மூளையைக் கூறுபோடாமல் அப்படியே காத்து வைத்தமையால், அது பிற்காலத்தவருக்கும் பயன்பட்டது. 2007-ஆம் ஆண்டு அதனைக் காந்த அதிர்வுக் கருவியால் படம் எடுத்து ஆய்ந்தவர்கள், சிதைவு மேற்பரப்போடு நில்லாமல் உள்ளே ஆழமாகப் பரவி, மூளைப் பகுதிகளை இணைக்கும் நார்களையும் அழித்திருந்தது என்று கண்டனர். ஆகவே ஒரு மடிப்பையே பேச்சின் இருப்பிடமாகக் கொள்வது பொருந்தாது. ஆயினும் மொழிக்கென மூளையில் முதன்முதலாகச் சுட்டப்பட்ட அவ்விடம், உடலசைவுகளை ஆளும் பகுதிக்கு நேர் முன்னே அமைந்திருந்தது என்பது கருதத்தக்கது. சொல்லும் செயலும் மூளையில் அண்டை வீட்டாராகவே முதலில் அறிமுகமாயின.

ஆணை சேராத கை

புரோக்காவின் காலத்தில் மூளையின் மேற்பரப்பு அசைவோடு நேர்த்தொடர்பு உடையதா என்பதே ஐயத்துக்குரியதாக இருந்தது. 1870-இல் பெர்லினில் குஸ்தாவ் பிரிட்ஷ், எட்வர்ட் ஹிட்சிக் ஆகிய இருவர் நாயின் மூளைப் பரப்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தினர். ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் எதிர்ப்புறத்து முன்னங்கால் அசைந்தது. மற்றோரிடத்தைத் தொட்டால் பின்னங்கால் அசைந்தது. இயக்கப் புறணி என்று இன்று நாம் அழைக்கும் பகுதி இவ்வாறு வெளிப்பட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 26 வயதே நிரம்பிய கார்ல் வெர்னிக்கே, பேச்சிழப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சொல்லின் ஒலி உருவம் ஓரிடத்திலும், அதனை ஒலிக்கும் அசைவின் உருவம் மற்றோரிடத்திலும் தங்குகின்றன. இரண்டையும் நரம்பு நார்கள் பிணைக்கின்றன என்பது அவர்தம் கோட்பாடு. இடங்கள் நலமாயிருந்தும் இடையிலுள்ள பாதை அறுந்துபோவதால் நோய் விளையக்கூடும் என்னும் கருத்து இதனால் பிறந்தது. ஊர்கள் இரண்டும் நலமாயிருக்க, நடுவிலுள்ள பாலம் இடிந்துபோவதை ஒத்தது இது.

இக்கருத்தின் பயனை உலகுக்குக் காட்டியவர் வெர்னிக்கேயிடம் பணியாற்றிய ஹியூகோ லீப்மன். 1900-ஆம் ஆண்டில் பெர்லினை ஒட்டிய டால்டார்ஃப் மனநல மருத்துவமனையில் 48 வயதான அரசு அதிகாரி ஒருவர் சேர்க்கப்பட்டிருந்தார். பேச்சிழப்போடு அறிவும் மழுங்கியவர் என்பது அவரைப் பற்றிய முடிபு. முன்னே வைத்த பொருள்களுள் ஒன்றைச் சுட்டிக்காட்டச் சொன்னால் வேறொன்றை எடுப்பார். ஏதேனும் செய்யச் சொன்னால் பொருந்தாத அசைவுகளைச் செய்வார். இவருக்குச் சொல் விளங்கவில்லை என்று எவரும் எண்ணுவது இயல்பே.

லீப்மன் கூர்ந்து நோக்கினார். நோயாளர் பிழை செய்ததெல்லாம் வலக்கையால் என்பது அவர் கண்ணில் பட்டது. உடனே வலக்கையை அசையாமல் பிடித்து வைத்து, இடக்கையால் செய்யுமாறு பணித்தார். என்னே மாற்றம்! அறிவிழந்தவர் எனக் கருதப்பட்ட அம்மனிதர் கேட்டவற்றையெல்லாம் இடக்கையால் சரிவரச் செய்தார். சொல் அவருக்கு நன்கு விளங்கியிருந்தது. அது வலக்கையைச் சென்றடையும் வழிதான் அடைபட்டிருந்தது. அக்கையிலும் வலிமை குன்றவில்லை. செயலைத் திட்டமிடும் பகுதியிலிருந்து ஆணை அங்கு வந்து சேரவில்லை. நோயாளர் இறந்த பின் அவர் மூளையை ஆய்ந்தபோது, இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நார்க்கட்டு பெரிதும் அழிந்திருந்ததும், இடப்புறத்திலும் சிதைவுகள் இருந்ததும் தெரியவந்தன.

இந்த ஒரு நோயாளரின் வரலாறு மருத்துவத்தையும் கடந்து நமக்கு ஒரு பாடம் புகட்டுகிறது. ஒருவர் நாம் சொன்னதைச் செய்யவில்லை என்றால், அவர் அதனைக் கேட்கவில்லை, அல்லது புரிந்துகொள்ளவில்லை, அல்லது செய்ய மனமில்லாதவர் என்று மூன்று முடிவுகளுள் ஒன்றுக்கே நாம் தாவுகிறோம். கேட்டு, புரிந்து, செய்ய விரும்பியும் கை கேளாமல் நிற்கும் நான்காவது நிலை ஒன்று உண்டு. அதனைக் கண்டறிய மருத்துவர் ஒருவர் மற்றக் கையையும் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

1962-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நார்மன் கெஷ்விண்ட், எடித் காப்லன் ஆகியோர் இதற்கு மறுதலையான ஒரு நிலையை விவரித்தனர். அங்கு வாய்மொழி ஆணையை ஏற்காதது நோயாளரின் இடக்கை. ஆனால் மருத்துவர் தாமே செய்து காட்டினால் அக்கை அதைப் பார்த்துச் செய்தது. பொருளைக் கையில் கொடுத்தால் அதனைச் சரியாகப் பயன்படுத்தியது. மொழியின் இருப்பிடமான இட அரைக்கோளத்திலிருந்து, இடக்கையை ஆளும் வல அரைக்கோளத்திற்குச் செல்லும் பாலம் இடிந்திருந்தது. கைக்குச் செல்லும் வழிகள் பல என்பதும், சொல் அவற்றுள் ஒரு வழி என்பதும் இதனால் தெளிவாயின.

மின்சாரத்தால் அசைந்த கை

கனடாவின் மாண்ட்ரியல் நகரில், வலிப்பு நோய்க்கு அறுவை மருத்துவம் செய்துவந்த வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளரின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு இயக்கப் புறணியின் வரைபடத்தை உருவாக்கினார். 1937-இல் வெளியான அவ்வரைபடத்தின்படி, கால் மூளையின் உச்சியை ஒட்டி உட்புறமாகவும், கை நடுவிலும், முகமும் நாவும் கீழேயும் இடம்பெற்றன. முதுகு முழுவதற்கும் சிறு இடமே இருக்க, கைக்கும் வாய்க்கும் பேரளவான இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. செயல் செய்யும் உறுப்பும் சொல் சொல்லும் உறுப்புமே மனித மூளையின் பெரும் செல்வங்கள் போலும்!

மின்சாரம் பட்டவுடன் நோயாளரின் கை அசையும். ஆனால் அதனைத் தாம் அசைக்கவில்லை, மருத்துவர்தாம் அசைத்தார் என்றே அவர்கள் கூறினர் எனப் பென்ஃபீல்டு பதிவு செய்துள்ளார். இங்கு ஒரு நுட்பமான வேறுபாடு புலப்படுகிறது. ‘கையைத் தூக்கு’ என்று ஒருவர் கூற, நாம் தூக்கினால், தூண்டுதல் வெளியிலிருந்து வந்ததாயினும் செயல் நம்முடையதே. மின்சாரம் தசையை இயக்குகிறது. சொல்லோ மனிதரை இயக்குகிறது. சொல்லுக்கும் கைக்கும் இடையே பொருள் என்று ஒன்றும், அதனை ஏற்பவர் என்று ஒருவரும் நிற்கின்றனர்.

விடையாக வந்த அசைவு

இந்த உண்மையை மாஸ்கோவில் வியக்கத்தக்க முறையில் கண்டவர்கள் லெவ் வைகோட்ஸ்கி, அலெக்சாண்டர் லூரியா என்னும் உளவியல் அறிஞர்கள். பார்க்கின்சன் நோயாளர்களைப் பற்றிய தங்கள் பழைய ஆய்வுகளை லூரியா 1979-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்று நூலில் விவரித்துள்ளார். சமதரையில் ஓரடியும் எடுத்துவைக்க இயலாத நோயாளரின் முன் காகிதத் துண்டுகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் தாண்டச் சொன்னபோது அவர் நடந்தார். விரலால் தொடர்ந்து தட்டச் சொன்னால், சில முறை தட்டியபின் கை இறுகி நின்றுவிடும். அதே நோயாளரிடம், மோட்டார் வண்டிக்கு எத்தனை சக்கரங்கள், செந்நட்சத்திரத்துக்கு எத்தனை முனைகள் என்று கேட்டு, விடையைத் தட்டிக் காட்டச் சொன்னபோது, அவர் நான்கு முறையும் ஐந்து முறையும் தட்டினார்.

தட்டும் விரல் அதே விரல்தான். தசையிலும் மாற்றம் இல்லை. வெறும் அசைவாக வெளிவர மறுத்தது, ஒரு வினாவுக்கு விடையாக வெளிவந்தது. பிசேத்ர் மருத்துவமனையில் கையை நான்கு முறை திறந்த லெபோர்ஞை இங்கு நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. அவருக்கு நாவின் வழி அடைபட்டபோது கை சொல்லாயிற்று. இவருக்குக் கையின் வழி அடைபட்டபோது சொல் அதனைத் திறந்துவிட்டது. லூரியாவும் அந்நோய் தீர்ந்துவிட்டது என்று கூறவில்லை. அத்திறப்பு சிறிது நேரமே நிலைத்தது. எனினும் மூளைக்குள் மாற்றுப் பாதைகள் உள்ளன என்பதற்கு அது சான்று பகர்ந்தது.

‘அழுத்தாதே’ என்னும் சொல்

சொல் கையை ஆளும் திறன் பிறப்பிலேயே முழுமையாக வாய்ப்பதன்று. லூரியா சிறுவரிடம் செய்த மற்றொரு சோதனை இதனை உணர்த்துகிறது. குழந்தையின் கையில் ஒரு ரப்பர்ப் பந்து கொடுக்கப்பட்டது. ஒரு வகை விளக்கு எரிந்தால் அதனை அழுத்த வேண்டும். மற்றொரு வகை எரிந்தால் அழுத்தக்கூடாது. குழந்தை தானே ‘அழுத்து’, ‘அழுத்தாதே’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டு செய்யுமாறு பணிக்கப்பட்டது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் ‘அழுத்தாதே’ என்று சொல்லியவாறே முன்னிலும் வலுவாக அழுத்தியதை லூரியா கண்டார். சொல்லின் பொருள் வேலை செய்வதற்கு முன், சொல்லின் உந்துதல் வேலை செய்துவிட்டது. ஐந்து வயதை ஒட்டியே பொருள் கையை ஆளத் தொடங்கியது என்பது அவர்தம் முடிபு. பின்வந்தோர் இச்சோதனையைத் திரும்பச் செய்தபோது இதே தெளிவான முடிவு அனைவருக்கும் கிட்டவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிடுவது முறை. ஆயினும் லூரியா எழுப்பிய வினா உயிருள்ளது. ஒரு சொல் உடலைத் தொடுவதற்கு அதன் ஒலி போதுமா, பொருளும் வேண்டுமா?

அரை நூற்றாண்டு கழித்து, பிரெஞ்சு மொழி பேசுவோரிடம் செய்த சோதனைகள் இவ்வினாவுக்கு நுட்பமான விடை தந்தன. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றோர் அழுத்தத்தை அளக்கும் ஒரு சிறு கருவியை விரல்களுக்கிடையே பற்றிக்கொண்டு, சொற்களைக் கேட்டனர். கையால் செய்யும் செயலைக் குறிக்கும் வினைச்சொல் ஒலித்தபோது, அவர்கள் அறியாமலே பிடி சற்று இறுகியது. அந்த இறுக்கம் அரை வினாடிக்குள் எழுந்து அடங்கியது. 2012-இல் லியோன் நகர ஆய்வாளர் இதனை வாக்கியங்களைக் கொண்டு சோதித்தனர். ஒருவர் ஒன்றைத் தூக்குகிறார் என்னும் வாக்கியத்தைக் கேட்டபோது பிடி இறுகியது. தூக்கவில்லை என்னும் எதிர்மறை வாக்கியத்தைக் கேட்டபோது, அதே ‘தூக்கு’ என்னும் வினை அதில் இருந்தும், பிடி இறுகவில்லை. 2008-இல் இத்தாலியில் மூளைப் படங்களைக் கொண்டு செய்த ஆய்விலும், எதிர்மறை வாக்கியங்களைக் கேட்கும்போது செயற்பகுதிகளின் கிளர்ச்சி குறைவதே காணப்பட்டது.

ஆகவே வளர்ந்தவரின் கை ஒவ்வொரு சொல்லின் ஒலிக்கும் துள்ளும் பொம்மையன்று. வாக்கியம் முழுவதன் பொருளும் விரல்நுனிவரை செல்கிறது. ‘இல்லை’ என்னும் சொல்லுக்கும் உடலில் எடை உண்டு.

படிக்கும்போதே விழிக்கும் பகுதிகள்

இச்சோதனைகளுக்கு வழிவகுத்த கண்டுபிடிப்புகள் இரண்டு. இத்தாலியின் பார்மா நகரில் ஜியாகோமோ ரிசொலாட்டியின் குழுவினர் 1992-இல், குரங்கின் மூளையில் விந்தையான நரம்பணுக்களைக் கண்டனர். குரங்கு ஒரு பொருளைப் பற்றும்போது துடிக்கும் அவ்வணுக்கள், பிறர் அப்பொருளைப் பற்றுவதைப் பார்க்கும்போதும் துடித்தன. இவற்றுக்கு ‘கண்ணாடி நரம்பணுக்கள்’ என்னும் பெயர் பின்னர் வழங்கலாயிற்று. அவை இருந்த பகுதி, மனித மூளையில் புரோக்கா சுட்டிய பகுதிக்கு ஒப்பானது என்று ரிசொலாட்டி கருதினார். கையின் செயலை உணரும் திறனிலிருந்தே மொழி கிளைத்திருக்கலாம் என்னும் கருதுகோளும் இதனால் வலுப்பெற்றது.

செவியும் இதற்கு விலக்கன்று. 2002-இல் இத்தாலிய ஆய்வாளர் லூசியானோ ஃபாடிகாவும் குழுவினரும், நாநுனி வலுவாக அதிரும் ரகர ஒலி இரட்டித்து வரும் சொற்களைச் சிலர் கேட்குமாறு செய்தனர். கேட்பவர் வாய் திறக்கவில்லை. ஆயினும், அவர்தம் நாவை ஆளும் மூளைப் பகுதியைக் காந்தத் துடிப்பால் தூண்டிப் பார்த்தபோது, நாத்தசை அசையும் ஆயத்தம் மிகுந்திருந்தது. கேட்பவரும் உள்ளுக்குள் உடன் பேசுகிறார் என்றே தோன்றுகிறது.

இரண்டாவது கண்டுபிடிப்பு 2004-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நிகழ்ந்தது. ஓலாஃப் ஹவுக், இங்ரிட் ஜான்ஸ்ரூட், ஃபிரீடெமன் புல்வர்முல்லர் ஆகியோர், முகத்தாலும் கையாலும் காலாலும் செய்யும் செயல்களைக் குறிக்கும் சொற்களைச் சிலர் வாளாவிருந்து படிக்குமாறு செய்து, அவர்தம் மூளையைப் படம் எடுத்தனர். காலுக்குரிய சொற்களைப் படித்தபோது பாதத்தை அசைக்கையில் இயங்கும் பகுதியும், கைக்குரிய சொற்களைப் படித்தபோது விரலை அசைக்கையில் இயங்கும் பகுதியும், அவற்றை ஒட்டிய இடங்களும் கிளர்ந்தன. பென்ஃபீல்டு மின்சாரத்தால் வரைந்த வரைபடத்தை வெறும் சொற்கள் தொட்டு எழுப்பின. மறு ஆண்டே புல்வர்முல்லர் குழுவினர் மறுதிசையிலும் சோதித்தனர். இடப்புறக் கைப்பகுதியை மெல்லிய காந்தத் துடிப்பால் தூண்டியபோது, கைக்குரிய சொற்களை மக்கள் விரைந்து அறிந்தனர். கால் பகுதியைத் தூண்டியபோது கால் சொற்கள் விரைந்தன.

நோயாளரிடம் கண்டவையும் இதனோடு இயைந்தன. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோயோடு மறதியும் பேச்சிழப்பும் சேர்ந்து கண்ட சிலர், பெயர்ச்சொற்களைக் காட்டிலும் வினைச்சொற்களில் மிகுதியாகத் தடுமாறியதைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர் 2001-இல் வெளியிட்டனர். 2008-இல் லியோன் ஆய்வாளர் பார்க்கின்சன் நோயாளரிடம், மருந்தின் பயன் இல்லாத வேளையில் செயலைக் குறிக்கும் வினைச்சொற்களை மூளை கையாளும் திறன் குன்றுவதையும், மருந்து கொடுத்தபின் அத்திறன் மீள்வதையும் கண்டனர். பொருள்களின் பெயர்களில் அத்தகைய குறைவு இல்லை. பெயரையும் வினையையும் வேறு பிரித்த பழைய இலக்கணிகளின் கூர்மை, மருத்துவமனைக் கட்டிலருகே புதிய பொருள் பெற்றது.

எதிர்வாதம்

இவ்வளவும் கேட்டபின், சொல்லின் பொருளே அசைவுதான் என்று சிலர் முடிவு கட்டினர். அவசரமான முடிவு அது. பிறவியிலேயே கைகள் இல்லாதோர், பிறர் கையால் செய்யும் செயல்களை மற்றவர்க்கு இணையான விரைவோடும் தெளிவோடும் அறிந்துகொள்வதை வன்னஸ்கார்ப்ஸ், கரமாசா என்னும் இருவர் 2016-இல் காட்டினர். ஒருபோதும் பற்றாத கைக்கும் ‘பற்று’ என்பதன் பொருள் மறைபொருளன்று. கருவியைக் கையாளும் திறனை இழந்த நோயாளருள் பலர், அக்கருவியின் பெயரையும் பயனையும் பிழையின்றிச் சொல்வதும் உண்டு. இயக்கப் புறணி கிளர்வது பொருளின் வேரா, அன்றி அதன் எதிரொலியா என்னும் வழக்கு இன்றும் நடக்கிறது.

மற்றொரு நிகழ்ச்சி ஆய்வுலகின் நேர்மைக்குச் சான்று. 2002-இல் கிளென்பர்க், காஷாக் என்னும் இரு அமெரிக்க அறிஞர், உடலிலிருந்து விலகிச் செல்லும் செயலைக் கூறும் வாக்கியத்தைப் படித்தவர் கையை வெளிநோக்கி நீட்டுவதில் விரைவும், உள்நோக்கி இழுப்பதில் தாமதமும் காட்டுகின்றனர் என்று அறிவித்தனர். பாடநூல்களிலும் இடம்பெற்ற முடிவு அது. 18 ஆய்வுக்கூடங்கள் முன்கூட்டியே முறைகளைப் பதிவு செய்துகொண்டு இச்சோதனையைத் திரும்பச் செய்தன. 2022-இல் வெளியான முடிவின்படி அந்த விளைவு காணப்படவில்லை. அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் கிளென்பர்க், காஷாக் இருவருடைய பெயர்களும் இருந்தன. தம் கண்டுபிடிப்பைத் தாமே மறுசோதனைக்கு உட்படுத்தி, வந்த விடையைத் தம் பெயரோடு வெளியிட்டனர்.

அவ்வாறாயின் எஞ்சுவது யாது? சொல்லுக்கும் கைக்கும் இடையே பாதை உண்டு என்பது ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. லீப்மனின் நோயாளரும் பாஸ்டன் நோயாளரும் அதற்குச் சான்று. அப்பாதை ஒருவழிப் பாதையன்று என்பதற்கும் தக்க ஆதாரங்கள் உள்ளன. ஆனால் மூளை அதனை எப்போதும் ஒரே வகையில் பயன்படுத்துவதில்லை. சூழலும் வாக்கியத்தின் பொருளும் கேட்பவரின் நிலையும் அதனைத் திறக்கின்றன, மூடுகின்றன.

வினையாகும் சொல்

இந்த நெடிய வழக்கு கற்றோர் அவையோடு நின்றுவிடவில்லை. பக்கவாதத்தால் பேச்சிழந்தோருக்கு நெடுங்காலமாகத் தரப்பட்ட பயிற்சிகளுள் முதன்மையானது, படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பது. 2001-இல் புல்வர்முல்லரும் உடனுழைத்தோரும் வேறொரு முறையை முன்வைத்தனர். நோயாளர் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒவ்வொருவர் கையிலும் பட அட்டைகள் இருக்கும். ஒருவருடையதை மற்றவர் பார்க்க இயலாதவாறு நடுவில் தடுப்பு இருக்கும். தமக்கு வேண்டிய அட்டையை மற்றவரிடம் வாயால் கேட்டுப் பெறவேண்டும். கேட்பதும், கொடுப்பதும், இல்லை என மறுப்பதும் அங்கு நிகழும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பத்து நாள்கள் இப்பயிற்சி நடந்தது. பல ஆண்டுகளாகப் பேச்சு தேங்கிநின்றவர்களிடமும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. சொற்களை வெறுமனே பெயரிடுவதற்குப் பயன்படுத்துவதைவிட, கேட்டுப் பெறும் செயலாகப் பயன்படுத்துவது மிகுந்த பயன் தருகிறது என்பதை 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வும் உறுதிப்படுத்தியது.

நம் இல்லங்களிலும் பக்கவாதத்தாலும் நடுக்க நோயாலும் முடங்கிய பெரியவர்கள் இருக்கின்றனர். அவர்கள் விடை சொல்லாதபோது குரலை உயர்த்துகிறோம். சொன்னதைச் செய்யாதபோது, இவருக்கு இனி எதுவும் விளங்காது என்று அவர்கள் காதுபடவே பேசுகிறோம். லெபோர்ஞிடம் புரோக்கா ஒரு வினாவைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். லீப்மன் மற்றக் கைக்கு ஒரு வாய்ப்பு அளித்தார். லூரியா வெறும் ஆணையை வினாவாக மாற்றிக் கேட்டார். மூவரும் செய்தது ஒன்றே. ஒரு வழி அடைபட்டிருக்கக் கண்டு மனிதரைக் கைவிடாமல், வேறு வழி உண்டா எனத் தேடினர்.

அதற்குப் பெரிய கருவிகள் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை, விடைபெறத் தக்கவர் எதிரே இருக்கிறார் என்னும் நம்பிக்கையும், அவ்விடை வரும்வரை பொறுத்திருக்கும் மனமும். அம்மனத்தோடு கேட்கப்படும் சொல் தானே ஒரு வினையாகிறது.